நூறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்

போன மாதம் அமெரிக்காவிலிருந்து மூன்று தமிழ்ப் பொறியாளர்கள் கணினித் திரையில் என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய சரக்குக் கிடங்கில் வேலை செய்பவர்கள் ஒரு பெட்டியை எடுத்து வைக்க எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அளக்கும் மென்பொருளை எழுதுவது அவர்கள் வேலை. அந்தக் கிடங்கில் தொழிற்சங்கம் வைக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வரப்போகிறதாம். வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்கென்றே நிறுவனம் வக்கீல்களை அமர்த்தியிருக்கிறதாம். அந்தத் தொகுதியில் நிற்கும் இரண்டு கட்சிக்காரர்களும் அதே நிறுவனத்திடம் நன்கொடை வாங்கியவர்கள் என்பதால் இதைப் பற்றி வாயே திறப்பதில்லையாம். இப்போது நிர்வாகம் இந்த மூன்று பேரையும் தொழிலாளர்கள் முன்னால் போய், எங்கள் எண்கள் நியாயமானவை என்று பேசச் சொல்லியிருக்கிறது. பேசலாமா என்று என்னிடம் கேட்டார்கள்.

அவர்களில் பிரியா என்ற பெண் கொஞ்சம் துணிச்சல்காரி. "சார், நீங்க ஜெர்மனியில ஸ்டாப்வாட்ச் வச்சு இதே வேலையத்தான பண்ணீங்க? உங்க நம்பர் தப்புன்னு யாராவது சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வேலை இல்லை என்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, காது சரியாகக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லித் திரையை அணைத்தேன். பிறகு இரண்டு நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் எண் தவறு என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களால்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லாமல் விட்டது என் வீம்பு. இப்போது எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர், உருளைக்கிழங்கு, ஜெர்மன் இலக்கணம், மூன்றையும் சமாளித்து இயந்திரப் பொறியியலில் பட்டம் வாங்கினேன். சலவை இயந்திரங்களுக்குச் சிறிய மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வேலை அளவைப் பிரிவு என்று அதற்குப் பெயர். என் பெயர் பழனிசாமி. அது அங்கே யார் நாக்கிலும் முழுதாக ஏறாததால் முதல் வாரத்திலேயே ஹெர் பழனி, அதாவது திருவாளர் பழனி, ஆகிவிட்டேன்.

பிரிவின் தலைவர் ஹெர் கெஸ்லர். கடைசல் பட்டறையில் கூலியாக ஆரம்பித்து மேலே வந்தவர். இடது கைச் சுண்டுவிரலில் பாதி அந்தக் காலத்திலேயே போய்விட்டது. சாம்பல் நிற மேலங்கியை எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். காலை ஒன்பது மணிக்குப் பேனாக்கத்தியால் ஓர் ஆப்பிளை நறுக்கித் தின்பார். யாருக்காவது பிடிக்காத விஷயத்தைச் சொல்லப் போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார். அவர் கை கண்ணாடிக்குப் போனாலே பிரிவில் எல்லாரும் தங்கள் தாளை மறுபடி சரிபார்ப்பார்கள். அவர் வாயிலிருந்து பாராட்டு வாங்குவது குதிரைக்கொம்பு. நல்ல தாளைப் பார்த்தால், "படிக்க முடிகிறது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எங்கள் கடிகாரத்தில் ஒரு நிமிடம் நூறு பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பெண் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, முனைகளைப் பற்றவைத்து, தட்டில் வைக்க எத்தனை பங்கு ஆகிறது என்று குறிப்போம். குறித்ததை அப்படியே எழுதிவிடக் கூடாது. அவர் என்ன வேகத்தில் செய்தார் என்று மதிப்பிட வேண்டும். வருடம் முழுவதும் உடம்பு கெடாமல் ஒருவர் செய்யக்கூடிய வேகம் நூறு. அதைவிட விரைந்து செய்தால் நூற்றுப்பத்து, நூற்றிருபது. சுணங்கினால் தொண்ணூறு. இந்த மதிப்பை வைத்துத்தான் சுருளுக்கு இத்தனை நேரம் என்று விதிப்போம். அந்த விதிப்பை வைத்துத்தான் கூலி. மதிப்பை எந்தக் கருவியும் சொல்லாது. கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

அதனாலேயே கெஸ்லர் வைத்திருந்த விதிகள் பல. கடிகாரம் அட்டையின் மேல், தொழிலாளியின் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். பையில் ஒளித்து வைத்தால் அன்றைக்கே பிரிவை விட்டுப் போகலாம். முதலில் வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, எதற்காக வந்தேன் என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் தாளைத் தொழிலாளியிடமே காட்ட வேண்டும். கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் இருக்கும். அளந்தவர், பிரிவுத் தலைவர், தொழிலாளர் குழுவின் பிரதிநிதி. இந்தக் குழு அந்நாட்டுச் சட்டப்படி தொழிலாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. அவர்கள் சம்மதிக்காமல் முதலாளி ஒரு துண்டுவேலைக் கூலியையும் மாற்ற முடியாது. எனக்கு இது ஆரம்பத்தில் வெறும் காகித வேலையாகத்தான் பட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் எங்கள் தொழிற்சாலையை வாங்கியது. அதன் தலைமையகம் இருந்த ஒஹாயோவிலிருந்து டாசன் என்ற மேலாளர் வந்தார். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு பேசுவார். வாயிற்காவலாளியின் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பார். ஜெர்மன்காரர்கள் பத்து வருடம் கேட்காத என் குடும்ப நலத்தை முதல் நாளே கேட்டார். ஒவ்வொரு மூன்று மாதமும் ஒஹாயோவுக்கு எண்கள் போயாக வேண்டும் என்பது மட்டும் அவரை ஆட்டிப்படைத்தது. அந்த எண்களை அங்கே படிப்பவர்கள் ஒரு சுருளையும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை.

அந்த வருடம் சுருள் சுற்றும் வரிசைக்குப் புதிய இயந்திரம் வந்தது. துருக்கியிலிருந்து புதிதாக வந்த எட்டுப் பெண்களை அதில் உட்கார வைத்தார்கள். புதிய இயந்திரம் என்பதால் புதிய அளவு வேண்டும். கெஸ்லர் அப்போது முதுகுவலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி ஆறு வாரம் வெந்நீரூற்றுச் சிகிச்சைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்றேன். டாசன் என் தோளில் கையைப் போட்டு, இந்தப் பிரிவில் தான் நம்புவது என் எண்களைத்தான் என்றார். ஒஹாயோவில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போவதாகவும், யாரை அனுப்புவது என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றும் சொன்னார். நான் உச்சி குளிர்ந்துபோய் அட்டையையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டேன்.

எட்டுப் பேரில் நான் அளந்தது எமினே என்ற பெண்ணை. முப்பது வயது இருக்கும். தலையில் பூப்போட்ட துணி, மூக்கில் தடித்த கண்ணாடி. வணக்கம் சொன்னேன், பெயர் சொன்னேன், வழக்கம்போல வேலை செய்யுங்கள் என்றேன். தலையாட்டினார். தொண்ணூறு நிமிடம் பக்கத்தில் நின்றேன். சுருளுக்குச் சராசரியாக எண்பத்து நான்கு பங்கு. கை ஒரே சீராகப் போனது, ஒரு தடுமாற்றம் இல்லை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது, விதிக்கும் நேரம் கூடட்டும் என்று, கடிகாரத்தைக் கண்டால் தொழிலாளி வேண்டுமென்றே சுணங்குவார், அதைக் கண்டுபிடி என்பது. இவரிடம் சுணக்கம் இல்லை. நேர்மையான வேலை என்று தோன்றியது. மதிப்புக் கட்டத்தில் நூறு என்று எழுதினேன். தாளைக் காட்டினேன். அவருக்கு அப்போது ஜெர்மன் படிக்கத் தெரியாது. அதற்கும் தலையாட்டினார். அளந்தவர் இடத்தில் கையெழுத்திட்டேன். பிரிவுத் தலைவருக்குப் பதிலாகவும் நானே இட்டேன்.

தொழிலாளர் குழுத் தலைவர் மூன்றாவது கையெழுத்தைப் போட ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர் புதிய வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஜெர்மனியை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பெண்களுக்கென்று தனியாகக் குறைந்த கூலிப் பிரிவு வைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பெண்களை ஓர் அறைக்கு ஆறு பேராக விடுதியில் அடைத்திருந்தார்கள். சட்டம் நல்லதாக இருந்தும் அதைக் கையில் எடுப்பவர் தூங்கினால் ஒன்றும் நடக்காது என்பதை அங்கேதான் பார்த்தேன்.

ஆறு வாரம் முடிந்து கெஸ்லர் திரும்பினார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுப்பிலிருந்து வந்தால் தன் மேசைக்குப் போக மாட்டார். நேரே கட்டுப்போடும் அறைக்குப் போய், அங்கிருக்கும் செவிலியின் பதிவேட்டை வாங்கிப் படிப்பார். யாருக்கு எங்கே வெட்டு, எங்கே சூடு, எந்த நேரம் என்று அதில் இருக்கும். அளவு தவறினால் முதலில் அந்தப் புத்தகத்தில்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. அன்று காலை பதிவேட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் விரித்தார். சுருள் வரிசைப் பெண்கள் எட்டுப் பேருக்கும் இடது ஆள்காட்டி விரலில் பற்றவைப்புச் சூடு. எமினேவின் பெயர் ஐந்து தடவை இருந்தது. பாதிக்கு மேல் சூடுகள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு.

அவர் கை கண்ணாடிக்குப் போனது. நான் எழுந்து நின்றேன்.

எமினேவை வரச் சொன்னார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தன் ஆப்பிளில் பாதியைக் கொடுத்தார். எமினேவுக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குள் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அளவெடுத்த அன்று எப்படி வேலை செய்தீர்கள் என்று கெஸ்லர் கேட்டார். எமினே என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"பரீட்சை என்று நினைத்தேன். ஜெயித்தால் அடுத்த வருடமும் வேலை என்று நினைத்தேன். அவர் நின்ற நேரம் முழுவதும் நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடி மூக்கில் இறங்கியது. அதையும் தள்ளிவிடவில்லை."

அன்று மாலை கழுத்தைத் திருப்ப முடியாமல் விடுதியில் படுத்திருந்ததையும் சொன்னார். குறை சொல்லும் தொனி இல்லை. நன்றாகச் செய்தேன் அல்லவா என்று கேட்கும் முகம். எனக்குத் தரையைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. ஜெர்மன் பெண்களுக்குக் கடிகாரம் வந்தால் சுணங்கத் தெரியும். அந்த நாட்டுத் தொழிலாளர்களின் பழைய தற்காப்பு அது. புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. அதிகாரி பக்கத்தில் வந்து நின்றால் உயிரைக் கொடுத்து வேலை செய்வதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கோயம்புத்தூர் மில்லில் மேஸ்திரி வந்து நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன்.

எமினே போன பிறகு, இதை நூற்றுமுப்பது என்று பயிற்சி மாணவன்கூடச் சொல்லியிருப்பானே, எனக்கு ஏன் தெரியவில்லை என்று கெஸ்லரிடம் கேட்டேன். உண்மையிலேயே குழம்பித்தான் கேட்டேன்.

"ஆறு வருடமாக இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஹெர் பழனி. கதவு திறந்தால் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நீங்கள் பார்த்து நான் கண்டதில்லை. நீங்கள் நூறு என்று வைத்தது யாரை?"

அன்னியர் அலுவலகத்தில் வருடாவருடம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவன் நான். வேலை போனால் அனுமதி போகும். அந்தப் பயத்திலேயே வேலை செய்து பழகி, அதுதான் மனிதனுடைய இயல்பான வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எமினேவின் பக்கத்தில் தொண்ணூறு நிமிடம் நின்று, என்னையே பார்த்து, நூறு என்று எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குள் விபரீதம் வேறு திசையில் முற்றியிருந்தது. என் எண் ஒஹாயோவுக்குப் போயாகிவிட்டது. அந்த அளவை எட்டாத பெண்களின் ஒப்பந்தம் வருடக் கடைசியில் புதுப்பிக்கப்படாது என்று டாசன் அறிவித்திருந்தார். எட்டுப் பேரில் ஒருவரும் எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை ஜெர்மன் அரசு அப்போதுதான் நிறுத்தியிருந்தது. வேலை போய் ஊருக்குத் திரும்பினால் மறுபடி வர வழி கிடையாது. எமினேவின் கணவர் சுரங்க விபத்துக்குப் பிறகு படுத்த படுக்கை, இரண்டு பிள்ளைகள் அவர் அம்மாவிடம் என்பது செவிலி சொல்லித் தெரிந்தது.

எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்த குளிர்காலம் அது. சனம் எல்லாம் நெடுஞ்சாலையில் நடந்தும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்தது. நானும் என் மனைவி சரோஜாவும் நடந்தோம். அவள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. எல்லாவற்றையும் சொன்னேன். நானே போய் என் அளவு தவறு என்று எழுதினால் ஒஹாயோ போகாது, ஒருவேளை வேலையே போகலாம், அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் கணக்குச் சொன்னேன். பேசாமல் இருந்தால் கெஸ்லரே ஏதாவது வழி செய்வார் என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே. அப்புறம் அதை வேற யாரு வந்து அடிச்சுத் திருத்தறது?"

பிறகு குளிருகிறது, திரும்பிப் போகலாம் என்றாள்.

திங்கட்கிழமை கெஸ்லரிடம் போய்த் தாளைக் கேட்டேன். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். திருத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அழிக்கக் கூடாது, புதுத் தாள் எழுதிப் பழையதைக் கிழிக்கக் கூடாது. சிவப்பு மையால் ஒரே ஒரு கோடு, அடியில் பழைய எண் படிக்கக் கிடைக்க வேண்டும். பக்கத்தில் காரணம். நான் 'தொழில்நுட்பப் பிழை' என்று எழுதினேன். கண்ணாடியைக் கழற்றினார். எந்த இயந்திரத்தில் பிழை என்று கேட்டார். இயந்திரத்தில் இல்லை என்றேன். கடிகாரத்திலா என்றார். அதுவும் இல்லை. அப்படியானால் எழுதியவர் யாரோ அவர் பெயரை எழுதுங்கள் என்றார். 'அளந்தவர் தொழிலாளியின் வேகத்தைத் தவறாக மதிப்பிட்டார். மறு அளவு தேவை' என்று எழுதி, என் பெயரை முழுதாக, பழனிசாமி என்று, கையெழுத்திட்டேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"படிக்க முடிகிறது" என்றார்.

டாசனின் அறைக்கு மூன்று பேர் போனோம். கெஸ்லர், நான், தொழிலாளர் குழுத் தலைவர். குழுத் தலைவரின் முகம் வெளுத்திருந்தது. கெஸ்லர் முந்தின வெள்ளிக்கிழமை பதிவேட்டைக் காட்டி அவரையும் கண்ணாடி துடைத்துக் கவனித்திருக்கிறார். குழு தன் சம்மதத்தை வாபஸ் வாங்குகிறது, மறு அளவு முடியும்வரை பழைய இயந்திரத்துக்கு இருந்த விதிப்பே செல்லும் என்று அவர் வாசித்தார். டாசன் மேசையிலிருந்து காலை இறக்கினார். எண் ஏற்கெனவே தலைமையகத்துக்குப் போய்விட்டது, எண் நிறுவனத்துடையது, ஓர் ஊழியர் எப்படி அதைத் திரும்பக் கேட்க முடியும் என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். அவர் கோபப்படவில்லை. அவருக்குப் புரியவில்லை.

"எங்கள் ஊரில் இதை நான் ஒரு தொலைபேசியில் முடித்திருப்பேன்" என்றார்.

"தெரியும். அதனால்தான் இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள்" என்றார் கெஸ்லர்.

மறு அளவை நானே எடுக்க வேண்டும் என்று கெஸ்லர் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. நான் நின்றால் எமினே மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், என்ன சொன்னாலும் நம்ப மாட்டார். கெஸ்லர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். என்னைச் சுருள் இயந்திரத்தில் உட்காரச் சொன்னார். என் கடிகாரத்தை வாங்கி எமினேவின் கையில் கொடுத்து, எங்கே அழுத்த வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டினார். வரிசை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

ஒரு வாரம் பழகினாலும் எனக்குச் சுருள் சுற்ற வராது. அன்று முதல் தடவை. கம்பி நழுவியது, முனை பற்றவில்லை, மூன்றாவது சுருளில் விரலைச் சுட்டுக்கொண்டு தமிழில் ஒரு வார்த்தை சொன்னேன். மற்ற ஏழு பெண்களும் சிரித்தார்கள். எமினே சிரிக்கவில்லை, மும்முரமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது சுருளில் அவர் என்ன செய்தார் என்றால், குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "நீங்கள் பயப்படுகிறீர்கள். இது கணக்கில் சேராது" என்றார்.

கெஸ்லர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் சிரித்ததை நான் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன், அதுவும் பின்பக்கமிருந்து, தோள் குலுங்கியதை வைத்து.

அதன் பிறகு அளவு சுலபமாக நடந்தது. எமினேவுக்குக் கடிகாரம் என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. நான்கு நாள், காலையிலும் மாலையிலும் அளந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைத் தள்ளிவிட்டார், பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டார், தட்டை நகர்த்த எழுந்தார். சுருளுக்கு நூற்றெட்டு, நூற்றொன்பது பங்கு. மதிப்பு நூறு. முதல் நாள் எண்பத்து நான்கில் செய்ததை நூற்றுமுப்பது என்று மதிப்பிட்டிருந்தால் இதே எண்தான் வந்திருக்கும். மூன்று கையெழுத்தும் விழுந்தன. இந்தத் தடவை குழுத் தலைவர் வரிசைக்கே வந்து, எமினேவிடம் கேட்டுவிட்டுப் போட்டார். வருடக் கடைசியில் எட்டுப் பேரின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. கட்டுப்போடும் அறைப் பதிவேட்டில் சுருள் வரிசையின் பெயர்கள் குறைந்துபோயின.

ஒஹாயோவுக்கு வேறொருவர் போனார். என் அனுமதியைப் புதுப்பிக்க நிறுவனத்தின் கடிதம் வேண்டியிருந்தது. டாசன் தானே கையெழுத்திட்டு, குழந்தை பிறந்தால் சொல்லுங்கள் என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. அடுத்த வருடமே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், இல்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொழிற்சாலையின் எண் போதவில்லையாம். பத்து நாள் அவகாசம். விடைபெற வந்தவரிடம், போதாது என்று முடிவு செய்தது யார் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது என்றார். அவர் நாட்டில் குடியரசுத் தலைவரையே வாக்களித்து மாற்றலாம். ஆனால் அந்த வாக்குரிமை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவதில்லை. மேலாளருக்கும் போவதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்த மனிதருக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

அமெரிக்காவின் அரசியலைப் பற்றிப் பேச நான் யார் என்று கேட்கலாம். எனக்கு அந்த நாட்டின்மேல் கோபம் கிடையாது, பெரிய நிறுவனம் என்றாலே பல்லைக் கடிப்பவனும் இல்லை. அதிகாரம் எவ்வளவு பெரிதானாலும் அதனிடம் திரும்பிக் கேள்வி கேட்க ஒரு சின்ன இடம் வேண்டும் என்பதுதான் நான் கண்டது. எங்கள் தாளின் அடியில் மூன்று அங்குல நீளத்தில் அந்த இடம் இருந்தது. அதை யாரோ போராடி வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் கெஸ்லருக்கும் நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட சரோஜாவுக்கும் நான் கடன்பட்டவன். எல்லாருக்கும் மேலே எமினேவுக்கு.

புதிய சட்டப்படி வெளிநாட்டவரும் தொழிலாளர் குழுவுக்கு நிற்கலாம் என்று ஆகியிருந்தது. அடுத்து வந்த தேர்தலில் எமினே நின்றார், ஜெயித்தார். இரண்டு பிள்ளைகளும் அதற்குள் அவரிடம் வந்துவிட்டார்கள். நான் அப்போது அளவைப் பிரிவின் உதவித் தலைவர். மூன்றாவது கையெழுத்துக்காக, அவர் ஜெயித்த பிறகு நான் எழுதிய முதல் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பாகம் பொருத்தும் வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு போர்த்துக்கீசியப் பெண்ணை அளந்த தாள். எல்லா விதியையும் கடைப்பிடித்திருந்தேன். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்ற நினைப்போடுதான் நீட்டினேன்.

அவர் எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பழக்கத்தை அவர் எங்கே பிடித்தார் என்று சொல்லத் தேவையில்லை.

"அளவெடுக்கும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாளா, ஹெர் பழனி?"

யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை. கை வேகத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், அதை மட்டும் பார்க்கவில்லை. தெரியவில்லை என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் போய் மறுபடி வணக்கம் சொன்னேன், மறுபடி பெயர் சொன்னேன். கடிகாரத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை. காத்திருந்தேன். காலை உணவு இடைவேளை வந்து போனது. பதினொரு மணி சுமாருக்கு, பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் கை நின்றது, நிமிர்ந்து பார்த்தாள், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் கடிகாரத்தை அழுத்தினேன்.